பட்டம் வேறு, பின் நம்பர் வேறு

வெளிநாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பது பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் முக்கால்வாசி பிரிட்டனைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மன்னார்குடி வாசகி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் மூன்று வருஷமாக இருக்கிறேன். பிரிட்டனில் ஒரு வருஷ எம்.எஸ்சி. முடித்தால் அங்கேயே ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா?

எம்.எஸ்சி. முடித்தால் பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். அங்கே வார்டில் நர்ஸாக நிற்க அந்நாட்டு நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி. தரும் பதிவு எண் வேண்டும். ‘பின் நம்பர்’ என்பார்கள். ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கென்று நடத்தும் ஒரு வருஷப் படிப்புகள் பொதுவாக அந்த எண்ணைத் தருவதில்லை. பதிவோடு சேர்ந்து வரும் எம்.எஸ்சி.யும் உண்டு. அது பெரும்பாலும் இரண்டு வருஷம், வேறு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களை நர்ஸ் ஆக்குவதற்கானது. இங்கே நாலு வருஷம் படித்துவிட்டு அதையே பவுண்டு கொடுத்து மறுபடி படிப்பானேன்?

உங்களுக்கான பாதை இது: ஆங்கிலத் தேர்வு, கணினியில் எழுதும் சி.பி.டி., அப்புறம் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. சி.பி.டி.யைச் சென்னையிலேயே எழுதலாம், கட்டணம் 83 பவுண்டு. ஆஸ்கிக்கு பிரிட்டன் போய்த்தான் ஆக வேண்டும். பத்து ஸ்டேஷன், அதாவது பத்து தனித்தனிச் சோதனைகள். கட்டணம் 794 பவுண்டு. இதில் எங்கேயும் எம்.எஸ்சி. வரவில்லை, பாருங்கள்.

பின் இல்லாமல் படிக்கப் போனால் பராமரிப்பு உதவியாளர் வேலைதான் கிடைக்கும், அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். வென்டிலேட்டர் பார்த்த கை முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் விமானம் ஏறும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காக எம்.எஸ்சி.யே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சி, கற்பித்தல், உயர்நிலை நர்சிங் என்று மேலே போக ஆசைப்பட்டால் படியுங்கள். சி.பி.டி.யை இங்கே முடித்துவிட்டுப் போனால் படிக்கும்போதே ஆஸ்கி கொடுக்கலாம். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தரும் விசா இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். ஏஜென்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘இந்தப் படிப்பு பதிவு தரும் என்று பல்கலைக்கழகத்திடமிருந்தே ஒரு இமெயில் வாங்கித் தருவீர்களா?’ பெரும்பாலும் அவருக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம், நீங்கள் அல்ல.

திருவையாற்றிலிருந்து ஒரு அப்பா: இரண்டு ஏக்கர் நஞ்சை என் பெயரில் இருக்கிறது. மகள் படிப்புக்கு அதை வைத்து வங்கிக் கடன் வாங்கலாமா?

பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் சுத்தமாக இருந்தாலும் பெரும்பாலான வங்கிகள் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை ஏற்பதில்லை. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமலே சொத்தை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருஷச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. அதனால்தான் தயக்கம். ஊருக்குள் இருக்கும் வீடு, மனை, வைப்புத்தொகை, எல்.ஐ.சி. பாலிசி என்றால் பேச்சே வேறு. கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் செய்பவர்களும் எழுதியிருந்தார்கள்: அது உங்கள் சொத்து இல்லை, அடமானப் பேச்சுக்கே இடமில்லை.

வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் போதும். அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். ஒரு வருஷ பிரிட்டன் படிப்பு 7.5 லட்சத்துக்குள் அடங்காது.

இன்னொன்று, விசாவுக்குக் காட்டும் சேமிப்புப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். சம்பா அறுவடைப் பணம் தை, மாசியில் வரும். செப்டம்பர் சேர்க்கைக்கு அதைக் கேட்பது ஆனி, ஆடியில். அதற்குள் அது உரக்கடை பாக்கிக்கும் நகை மீட்கவும் போயிருக்கும். அக்கம்பக்கத்தில் கைமாற்று வாங்கிப் போட்டு, 26-ஆம் நாள் கொடுத்தவர் வாசலில் வந்து நின்ற கதையும் பார்த்திருக்கிறேன். வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தால் அந்த 28 நாள் கணக்கு பொருந்தாது.

மயிலாடுதுறை வாசகி: கணவரையும் குழந்தையையும் அழைத்துப் போகலாமா?

பிரிட்டனில் 2024 ஜனவரியிலிருந்து பொதுவாக ஆராய்ச்சிப் படிப்புக்கு மட்டும்தான் அந்த வசதி. வகுப்பறை எம்.எஸ்சி.க்குக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் முடியும், ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பணம் காட்ட வேண்டும். அங்கேயும் நர்ஸாகப் பதிவு பெற என்கிளெக்ஸ் என்ற கணினித் தேர்வு எழுதி, அடிலெய்டில் ஆஸ்கி கொடுப்பதுதான் இந்தியப் பதிவோடு போகும் பலருக்கும் பாதை.

நாகப்பட்டினம் வாசகர்: ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். எழுத்துப் பகுதியில் 6 தாண்டவில்லை.

என்.எம்.சி. எழுத்தில் 6.5, மற்ற மூன்றிலும் 7 கேட்கிறது. மருத்துவத் துறையினருக்கென்றே நடத்தும் ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்கு மாறிப் பாருங்கள் தம்பி. அதில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி போதும். நோயாளியின் கேஸ் குறிப்பைக் கையில் கொடுத்து, முதல் ஐந்து நிமிஷம் படிக்க மட்டும், அடுத்த 40 நிமிஷத்தில் ஒரு கடிதம் எழுதச் சொல்வார்கள். நைட் டியூட்டி முடிந்து காலையில் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் ஹேண்டோவர் கொடுப்பீர்களே, கிட்டத்தட்ட அதேதான்: எது இப்போது முக்கியம், எதை விட்டுவிடலாம். உலக வெப்பமயமாதல் பற்றிக் கட்டுரை எழுதுவதைவிட நர்ஸுக்கு இது எளிது. ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் ஓ.இ.டி.யை ஏற்பதில்லை, பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவாரூர் வாசகி: தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. சிக்கலா?

சிக்கல்தான். எனக்கு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், பல்கலைக்கழகம் தரும் பாட விவரத் தாளான டிரான்ஸ்கிரிப்டில் பின்னால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. ஒரு அலுவலகத்தில் அதைத் திருத்தி வாங்க நாலு மாதம் நடந்தேன். இன்றைக்கே எல்லாத் தாளையும் தரையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி இரண்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்றவற்றை மாற்றப் பாருங்கள். முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன் அஃபிடவிட்.

கும்பகோணம் வாசகி: திரும்பி வந்து இங்கே நர்சிங் கல்லூரியில் ஆசிரியராகலாமா?

பிரிட்டன் பட்டங்களை ஏற்பதாக 2022 ஜூலையில் இந்தியா கையெழுத்திட்டது உண்மை. ஆனால் மருத்துவம், சட்டம், பொறியியலோடு நர்சிங்கும் அந்த ஒப்பந்தத்தில் விலக்கப்பட்டிருக்கிறது. பலரும் செய்தித் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆசிரியர் வேலைதான் குறி என்றால், குறிப்பிட்ட படிப்பின் பெயரைச் சொல்லி இந்திய நர்சிங் கவுன்சிலிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் இங்கேயே இரண்டு வருஷ எம்.எஸ்சி. படிப்பது மேல்.

பட்டுக்கோட்டை வாசகி: ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா முடித்திருக்கிறேன், நேராக எம்.எஸ்சி. சேரலாமா?

முதலில் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடியுங்கள். எம்.எஸ்சி.க்குப் பொதுவாகப் பட்டம் கேட்பார்கள்.

பாபநாசம் வாசகி: சான்றிதழ் வேலைக்குச் சென்னைக்கு எத்தனை தடவை அலைய வேண்டும்?

கவுன்சில் வேலை, கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்ட் இரண்டையும் ஒரே நடையில் போட்டுவிடலாம். இரவு உழவன் ரயிலில் ஏறினால் விடியக்காலை எழும்பூர். விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனையை மட்டும் அந்த நடையில் சேர்க்காதீர்கள். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், சேர்க்கை உறுதியானபின் எடுத்துக்கொள்ளலாம்.