கேள்வி பதில்: ஸ்பார்க் கேட்டலாக்கில் ஓர் அட்டவணையின் பதிவு

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் படிப்பு வட்டத்தில், பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து அலசும் அப்பாச்சி ஸ்பார்க் மென்பொருள் பற்றி எழுந்த கேள்விகளில் நான்கிற்கு விடை எழுதுகிறேன்.

ராயபுரம் நண்பர்: ஐயா, ஓர் அட்டவணையைப் பற்றி ஸ்பார்க் எவற்றைக் குறித்து வைக்கிறது?

அட்டவணைகளின் விவரங்களை ஸ்பார்க் குறித்து வைக்கும் பதிவேடுதான் கேட்டலாக். அதில் ஓர் அட்டவணைக்குரிய பதிவான கேட்டலாக்டேபிள் என்னும் வகுப்பை ஒரு பட்டாவாக நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் அதில் இல்லை, நிலத்தின் விவரம் இருக்கிறது. அட்டவணையின் பெயர், வகை, கோப்புகள் இருக்கும் இடம், அவற்றின் வடிவம், ஸ்கீமா (நெடுவரிசைகளின் பெயர்களும் வகைகளும்), பார்ட்டிஷன் நெடுவரிசைகள் (தரவைக் கோப்புறைகளாகப் பிரிக்கப் பயன்படுபவை), உரிமையாளர், உருவாக்கிய நேரம், புள்ளிவிவரம் ஆகியவை அதில் அடங்கும். டிஸ்கிரைப் எக்ஸ்டெண்டட் கட்டளை கொடுத்தால் இவற்றில் பெரும்பகுதியைத் திரையில் காணலாம்.

பெரம்பூர் தோழி: அட்டவணையை நீக்க டிராப் டேபிள் கொடுத்தேன், கோப்புகளும் அழிந்துவிட்டன. ஏன்?

அட்டவணையின் வகை மேனேஜ்டு, அதாவது கோப்புகளையும் ஸ்பார்க்கே நிர்வகிப்பது, என்று இருந்திருக்கும். உருவாக்கும்போது லொகேஷன் குறிப்பிட்டிருந்தால் அது எக்ஸ்டெர்னல் ஆகியிருக்கும். பதிவு மட்டும் நீங்கி, கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

காசிமேடு தம்பி: மீன் ஏல வரத்தைப் பார்ட்டிஷன் இல்லாத ஓர் அட்டவணையில் சேர்க்கிறோம், அண்ணா. வேறொரு நிரல் கோப்புகளை நேரடியாகக் கோப்புறையில் போடுகிறது. மே மாதம், புள்ளிவிவரம் எடுக்கும் அனலைஸ் டேபிள் கட்டளையை ஓட்டினோம். ஜூன் கடைசியில், அதை வேறோர் அட்டவணையோடு இணைக்கும் ஜாயின் நினைவகம் போதாமல் நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இதற்கான விடையில் பாதி துறைமுகத்திலேயே இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அப்போது எடுத்த புள்ளிவிவரம் அட்டவணையை மிகச் சிறியதாகப் பதிவுசெய்திருக்கிறது. படகுகள் திரும்பி வரத்து பெருகியபின்பும் பதிவில் அந்தப் பழைய அளவே நிற்கிறது. இயல்பாக 10 எம்பிக்கு உட்பட்ட அட்டவணையை ஜாயினின்போது ஸ்பார்க் எல்லா எக்ஸிகியூட்டர்களுக்கும் (வேலையைப் பகிர்ந்து செய்யும் நிரல்களுக்கும்) முழுமையாக அனுப்பிவிடும் என்பதால், சிறியதென்று நம்பி உண்மையில் மிகப் பெரியதை அனுப்ப முயன்று திணறுகிறது. ஸ்பார்க் வழியாகவே இன்சர்ட் செய்திருந்தால், இயல்பான அமைப்பில் பழைய புள்ளிவிவரத்தை அதுவே நீக்கியிருக்கும். உங்கள் நிரல் கோப்புகளைப் பின்வாசல் வழியாகப் போட்டதால் கேட்டலாக்கிற்குச் செய்தி போகவில்லை. அனலைஸ் டேபிளை மறுபடி ஓட்டுங்கள். நாள்வாரியாகப் பார்ட்டிஷன் பிரிக்கும் எண்ணம் இருந்தால், இதே வழியில் போடும் புதிய நாள்களின் கோப்புறைகளைக் கேட்டலாக்கில் பதிய எம்எஸ்சிகே ரிப்பேர் டேபிளும் தேவைப்படும்.

வியாசர்பாடி நண்பர்: அட்டவணையின் பண்புகளில் ஸ்கீமா ஜேசன் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) துண்டுகளாக ஏன் கிடக்கிறது?

கேட்டலாக்கின் விவரங்களைச் சேமித்து வைக்கும் ஹைவ் மெட்டாஸ்டோர் நெடுவரிசைப் பெயர்களைச் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடும். தரவை வைத்திருக்கும் பார்க்கே வடிவக் கோப்புகளோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை அப்படியே வைத்திருக்கும். எனவே ஸ்பார்க் மூல ஸ்கீமாவை ஜேசனாக அட்டவணையின் பண்புகளில் தனியே எழுதிக்கொள்கிறது. மெட்டாஸ்டோரின் தரவுத்தளம் ஒரு பண்பின் மதிப்புக்கு நீள வரம்பு வைத்திருப்பதால், இயல்பாக 4,000 எழுத்துகளைத் தாண்டும் ஸ்கீமா துண்டுதுண்டாகிறது. அழகில்லைதான், ஆனாலும் அந்தத் துண்டுகளைக் கையால் திருத்த வேண்டாம், ஒன்று பிசகினாலும் ஸ்கீமாவைப் படிக்க முடியாமல் போகும்.