மேவின் வெண்ணெய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டப்ளினில் வேலை பார்க்கிறேன். போன சனிக்கிழமை அயர்லாந்தின் மேற்கே ஸ்லைகோ என்ற ஊர் அருகே நாக்னரே மலைக்குப் போனோம். 327 மீட்டர்தான். 38 நிமிடத்தில் ஏறிவிட்டேன். உச்சியில் பெரிய கற்குவியல் ஒன்று இருக்கிறது. அதன் மேலும் ஏறி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். மேவ் என்ற ராணியை அதற்குள் நின்றவாக்கில் புதைத்திருக்கிறார்களாம். இன்னொருவர், இல்லை, அவள் கிடப்பது ராத்குரோகன் என்ற இடத்தில் என்றார். தொல்லியல்காரர்களோ குவியல் 5000 வருடப் பழசு, ராணி கதை அதற்கு ரொம்பப் பிந்தியது என்கிறார்கள். எது சரியான கதை? பொய் என்று தெரிந்த பிறகும் ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்? அடுத்து குரோ பாட்ரிக் மலை ஏற நினைக்கிறேன். உங்கள் யோசனை?

எஸ்., டப்ளின்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்தப் படம். மேலே ஏறாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். பார்க்கவில்லையா, பார்த்தும் ஏறினீர்களா? அந்தக் கற்குவியல் கிட்டத்தட்ட 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். சாந்து கிடையாது, கல் மேல் கல், அவ்வளவுதான். இன்றுவரை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. உள்ளே நடைபாதையும் கல்லறையும் இருக்கும் என்பது ஊகம். அப்படி ஐயாயிரம் வருடம் தாங்கிய குவியலில் நீங்கள் வைத்த ஒவ்வொரு அடியும் நாலு கல்லை உருட்டியிருக்கும். உங்கள் தாத்தாவின் சமாதி மேல் ஷூ காலோடு ஏறிக் கையை விரித்துக்கொண்டு நிற்பீர்களா? படத்தை அழித்துவிட்டேன். 38 நிமிடக் கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதை அலுவலக மாடிப்படியிலேயே போடலாம்.

சரி, கோபம் போதும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, இரண்டு கதையையும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். மலைக்குப் போகிற பலருக்கு அதற்கே பொறுமை இருப்பதில்லை.

பழங்கதைகளில் மேவ், அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கொனாக்ட்டின் ராணி. ஓர் இரவு படுக்கையில் கணவன் அலிலோடு யாருக்குச் சொத்து அதிகம் என்று பேச்சு வருகிறது. எல்லாவற்றையும் கொண்டுவந்து எண்ணினால் சரிக்குச் சரி. அவனிடம் வெள்ளைக்கொம்புக் காளை ஒன்று மட்டும் கூடுதல். அது இவள் மந்தையில் பிறந்ததுதான். பெண்ணுக்குச் சொந்தமாக இருக்க மாட்டேன் என்று அவன் மந்தைக்குப் போய்விட்டது! அதற்கு ஈடாக வடக்கே அல்ஸ்டரிலிருந்து ஒரு பழுப்புக் காளையைக் கொண்டுவரப் படை திரட்டினாள். நம் ஊர் இலக்கணக்காரர்கள் மாடு கவர்வது வெட்சித் திணை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பார்கள். அந்தப் பகை தீராததால்தான் ஈட்டியோடு அல்ஸ்டரைப் பார்த்தபடி நிற்கிறாள் என்பது ஸ்லைகோ கதை. குவியலுக்கு மிஸ்கான் மேவ் என்று பெயர். மிஸ்கான் என்றால் வெண்ணெய் உருண்டை. இன்னொரு பழைய கதையில், லாக் ரீ ஏரித் தீவில் குளித்துக்கொண்டிருந்தவளை உடன்பிறந்தாளின் மகன் கவணில் இறுகிய பாலாடைக்கட்டியை வைத்து அடித்துக் கொன்றான். அவன் அம்மாவைக் கொன்றவள் மேவ். பாலாடைக்கட்டியால் செத்தவளுக்கு வெண்ணெயில் சமாதி. இதில் எது சரி என்று விடைத்தாள் திருத்துகிறவர் மாதிரி கேட்கிறீர்கள்.

பல வருடம் முன்பு ஓர் அக்டோபரில் ஸ்லைகோவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். அவருடைய அக்கா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். பெரியவர், ராணி மலை மேல் நிற்கிறாள் என்று ஆரம்பித்தார். அக்கா தலை நிமிராமல், "அவள் அங்கே இல்லை, ராத்குரோகனில் இருக்கிறாள்" என்றார். அங்கேயும் மிஸ்கான் மேவ் என்றே ஒரு நெடுங்கல் உண்டு. இவர் நிற்கிறாள் என்பார், அவர் இல்லை என்பார். சின்ன வயதிலிருந்தே இந்தச் சண்டை என்று புரிந்தது. தேநீர் ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அந்த அக்கா வாசலுக்கு வந்து முட்டை அளவில் ஒரு கல்லை என் கையில் வைத்தார். கீழிருந்து ஒரு கல் கொண்டுபோய் மேலே சேர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

"அவள் அங்கே இல்லை என்றீர்களே?"

"இல்லைதான். அதற்காக வெறுங்கையோடு போவதா?"

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை, எஸ். 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு காரியம் செய்தது. சுமார் 5000 பள்ளிகளில் 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நோட்டில் எழுதிவரச் சொன்னது. ஏறத்தாழ 7,40,000 பக்கம் சேர்ந்தது. ஒரே மலைக்கு ஒரு பாட்டி ஒன்று சொல்வாள், பக்கத்து வீட்டுத் தாத்தா வேறொன்று சொல்வார். இரண்டும் உள்ளே போயின. எது சரி என்று கேட்டிருந்தால் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்திருக்கும். 'பொய்' என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தச் சொல்தான் என்னை இரண்டு நாளாக அரிக்கிறது. 1999-இல் கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் சாலை போட ஒரு முள்மரத்தை வெட்டப் பார்த்தார்கள். அது தேவதைகள் கூடும் மரம், வெட்டாதே என்று கதைசொல்லி எடி லெனிஹன் ஊரைக் கூட்டினார். மரத்தை விட்டுவிட்டுச் சாலைத் திட்டத்தை மாற்றினார்கள். தேவதை உண்டா என்று எந்த எஞ்சினியரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த அக்கா தந்த கல்லோடு நான் ஏறிய அன்றைக்கு மலை மேல் ஒரே மூடுபனி. கடலும் தெரியவில்லை, பென்பல்பன் மலையும் தெரியவில்லை. கல்லைக் குவியலின் அடியில் வைத்துவிட்டு இறங்கினேன். சேற்றில் வழுக்கி இரண்டு முறை விழுந்தேன்.

அப்புறம், குரோ பாட்ரிக். 764 மீட்டர், கடைசிக் கூம்பில் சரளை உருளும், கைத்தடி எடுத்துப் போங்கள். ஜூலை கடைசி ஞாயிறு போனால் வெறுங்காலோடு ஏறுகிற யாத்ரீகர்களைப் பார்க்கலாம். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். கடிகாரத்தைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.