சிரிப்புக்காக நிற்கும் அந்த ஒரு நொடி

கேள்வி: பன்னிரண்டு வருடமாக எனக்குக் காமெடி வேஷம்தான். முதலில் டிவி காமெடி நிகழ்ச்சிகள், அப்புறம் படங்களில் ஹீரோவின் நண்பன், அடி வாங்கும் அப்பாவி. இப்போது ஓர் அறிமுக இயக்குநர், பைக் விபத்தில் 19 வயது மகனைப் பறிகொடுத்த அப்பா வேடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். 28 நாள் படப்பிடிப்பு. தொடங்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. போன வாரம் எல்லோரும் உட்கார்ந்து ஸ்கிரிப்ட் வாசித்தபோது, பிணவறை வாசலில் நான் பேசும் முதல் வசனத்துக்கே இரண்டு உதவி இயக்குநர்கள் சிரித்துவிட்டார்கள். "தாடி வளர், பத்து கிலோ குறை" என்கிறார்கள் நண்பர்கள். "உங்க அப்பா போய் எட்டு மாசம்தானே ஆச்சு, அதையே நினைச்சுக்கோ, தானா அழுகை வரும்" என்கிறார் ஒருவர். கிளிசரின் போட்டால் என் கண் ஒரு மணி நேரத்துக்குச் சிவந்தே கிடக்கும். எங்கிருந்து தொடங்குவது? அதுவரை காமெடி நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டுமா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அந்த இரண்டு பேர் சிரித்த இடத்திலிருந்தே தொடங்குங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பழகிய சிரிப்பு அதில் பாதி. மீதிப் பாதி வசனத்தின் கடைசியில் நீங்கள் விட்ட இடைவெளியில் இருக்கிறது. காமெடியில் பஞ்ச் சொன்னதும் ஒரு நொடி, ஒன்றரை நொடி நிற்போம். அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு வருடம் அப்படி நின்ற உடம்புக்கு, வசனம் முடிந்தாலே நிற்கத் தோன்றும். "இப்ப சிரிக்கலாம்" என்று எதிரில் இருப்பவருக்கு அது சொல்லிவிடுகிறது. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.

ஒரு வசனத்தை வைத்துப் பாருங்கள். பிணவறைக் காவலாளியிடம் அப்பா கேட்கிறார்: "சார், காலையில ஒரு பையன் வந்தானாமே, நீலச் சட்டை." காமெடி வாயில் இது மூன்று துண்டாக விழும். "பையன்" என்பதில் குரல் ஏறும், "வந்தானாமே" முடிந்ததும் நிறுத்தம், பிறகு "நீலச் சட்டை" என்று தட்டிவிடுவது. மகனைத் தேடி வந்தவர் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார், காவலாளி பதில் சொல்வதற்குள் "நீலம்னா வெளுத்த நீலம்" என்று தானே திருத்துவார். பதில் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் விவரத்தைக் கூட்டிக்கொண்டே போவது அது.

ஆகவே முதல் வாரம் முழுக்க ஒரே வேலை. ஸ்கிரிப்ட்டை எடுத்துக்கொண்டு, உங்களுக்கு இயல்பாக நிற்கத் தோன்றும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு விழும். அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில், வசனத்தின் கடைசி வார்த்தை முடிவதற்கு முன்பே அடுத்த செயலுக்குக் கை போய்விட வேண்டும். செருப்பைக் கழற்றுவது, பர்ஸைத் தேடுவது, எதுவாகவும் இருக்கலாம். மிச்சம் வைத்த அந்த ஒரு நிறுத்தம் அப்பாவுக்கு வார்த்தை கிடைக்காத இடம். அங்கே நிரப்பாமல் இருக்கப் பழக வேண்டும். போனில் டைமர் வைத்துப் பத்து நொடி, அப்புறம் இருபது நொடி, மகனின் சட்டையை மடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள். நான்காவது நொடியில் தொண்டையைச் செருமுவீர்கள், அல்லது கை மூக்குக்குப் போகும். எதிரிலிருந்து சத்தம் எதுவும் வராததால் வரும் பதற்றம் அது. அந்தப் பதற்றம் அடங்க இரண்டு வாரம் பிடிக்கும்.

டைமிங்கையே தூக்கி எறியச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பெரிய சொத்து அது. மனத்தில் இருக்கும் உணர்ச்சி உடலில் தெரிவதைப் பற்றிச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகைக்கு எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (பறிகொடுப்பது), அசைவு, வறுமை என்று நான்கு. அடி வாங்கும் அப்பாவியாக இத்தனை வருடம் நீங்கள் நடித்தபோது பார்த்தவர்களுக்கு அது எள்ளல். அடி வாங்கியவனுக்கு இளிவு. அழுகையின் முதல் காரணத்தில் உங்களுக்குப் பயிற்சி ஏற்கனவே இருக்கிறது, இழவுதான் புதுசு.

காமெடியர்கள் அழுத்தமான வேடத்துக்கு வரும்போது செய்யும் பொதுவான தப்பு, குரலைத் தாழ்த்தி, மெதுவாக, கம்மிப் பேசுவது. 'சீரியஸ் குரல்' என்று ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்துவிடுகிறார்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பறிகொடுத்தவர் பல நேரம் வழக்கத்தைவிட வேகமாகப் பேசுவார். "எட்டரைக்குக் கிளம்பினான், இட்லி ரெண்டுதான் தின்னான், ஹெல்மெட் மாடியில இருக்கு" என்று யாரும் கேட்காததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் சாதாரண வேகத்தையும் சாதாரண சுருதியையும் மாற்ற வேண்டாம். எடையும் குறைக்க வேண்டாம். மகன் போன முதல் வாரத்துக்குள் எந்த அப்பாவும் பத்து கிலோ இளைப்பதில்லை.

மூச்சுக்கு வருவோம். உங்களுக்கு மிகவும் கைகொடுக்கப்போவது இதுதான். சிரிப்பில் வெளியே போகும் மூச்சு துண்டுபடும்: ஹ, ஹ, ஹ. தேம்பலில் உள்ளே வரும் மூச்சு துண்டுபடும்: மூக்கு வழியாக இரண்டு மூன்று வெட்டாக இழுத்து, வாய் வழியாக நீளமாக விடுவது. வெளிமூச்சைத் துண்டாக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே வெட்டை உள்மூச்சுக்கு மாற்றுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தோளைத் தளரவிட்டு, ஆறு முறை. அதற்கு மேல் போனால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி ஆனால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் இருங்கள். நின்றுகொண்டு செய்யவே வேண்டாம். ஆறாவது மூச்சின் முடிவில், நுரையீரலில் மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றில் வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். வார்த்தையின் வால் தானாக உடையும். குரலை நீங்களாக நடுங்கவைத்தால் அது போலி என்று பின்வரிசைக்கும் தெரிந்துவிடும்.

கிளிசரின் உங்கள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுபவரென்றால் தொடவே கூடாது. மென்தால் கலந்த 'டியர் ஸ்டிக்' இருக்கிறது. கண்ணுக்குள் போகாமல், கீழ் இமைக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே மெல்லிசாகத் தடவினால் ஆவி பட்டுக் கண் கலங்கும். படப்பிடிப்புக்கு முன்பே வீட்டில் ஒரு நாள் சோதித்துவிட்டு மேக்கப்மேனிடம் சொல்லிவிடுங்கள். எதைப் போட்டாலும் ஒன்றை மறக்கக் கூடாது. கண்ணின் உள்மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் கண்ணீர் மூக்குக்குள் இறங்கும். அதனால்தான் அழுதவர் மூக்கை உறிஞ்சுகிறார், பேச்சு மூக்கடைத்த மாதிரி வருகிறது. கன்னத்தில் இரண்டு கோடு கண்ணீர் ஓட, மூக்கும் குரலும் காய்ந்து கிடந்தால் அது கிளிசரின் அழுகை.

படம் முழுக்க எத்தனை காட்சியில் அழுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஏழு, எட்டு இருந்தால் இயக்குநரிடம் பேசி ஒன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். மற்ற இடங்களில் வருவதை அடக்கும் அப்பாவைப் பார்த்துத்தான் ஜனங்கள் அழுவார்கள். அடக்குவதற்கு ஏதாவது வேலை கையில் இருக்க வேண்டும், இழவு வீட்டில் வேலைக்கா பஞ்சம்? விபத்துச் சாவென்றால் போலீஸ் விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடிந்துதான் உடல் கைக்கு வரும். அதற்குள் பிளாஸ்டிக் சேர் எத்தனை, சாமியானா யார் சொன்னது, ஃப்ரீசர் பாக்ஸுக்கு வயர் எட்டுமா என்று ஆயிரம். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும், பைக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். கவுன்ட்டரில் "பேர் நீக்கணுமா, சேர்க்கணுமா?" என்று கேட்கும்போது அப்பா எந்த வார்த்தையைச் சொல்லத் திணறுகிறார் என்பதை இயக்குநர் எழுதவில்லையென்றால், எழுதச் சொல்லிக் கேளுங்கள். காமெடி தெரிந்தவர் மட்டுமே சரியாகச் செய்யக்கூடிய காட்சி அது.

உங்கள் சொந்த அப்பாவின் நினைவை இதற்குள் கொண்டுவராதீர்கள். எட்டு மாதம் ரொம்பக் குறைவு. அந்த நினைவு முதல் டேக்கில் வெள்ளமாக வரும், மூன்றாவது டேக்கில் வறண்டுபோகும், லைட் மாற்றி மறுபடி எடுக்கும்போது வராது. அதைவிட மோசம், பின்னால் அப்பாவை நினைக்கும்போதெல்லாம் கிளாப் சத்தமும் சேர்ந்து கேட்கும். நினைவைத் தோண்டும் பயிற்சியைத் தொடங்கிவைத்த ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடல் செய்யும் செயலிலிருந்து தொடங்கச் சொன்னார். மூச்சு, கை வேலை, எதிரில் இருப்பவர் முகம் என்று வெளியிலிருந்து உள்ளே போங்கள்.

படப்பிடிப்பு வரிசைப்படி நடக்காது. அதனால் ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு காட்சிக்கும் நேராக மகன் இறந்து எத்தனையாவது நாள், அன்று தூங்கினாரா, சாப்பிட்டாரா, கடைசியாக எப்போது அழுதார் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் முகமும் நாற்பதாம் நாள் முகமும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக எடுக்கப்படலாம். தாடியைப் பற்றிய முடிவும் இந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும். இன்னொன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: கொள்ளி வைப்பது நீங்களா? மொட்டையா, மீசை மட்டும் எடுப்பதா, ஒன்றும் வேண்டாமா என்பது ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும். மொட்டை என்றால் மகன் உயிரோடு இருக்கும் காட்சிகள் அத்தனையும் முதலில் எடுத்தாக வேண்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் முடி வளரும். அந்த ஒரே அழுகைக் காட்சிக்கு மட்டும் குளோசப்பை முதலில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒத்திகையில் நகர்வுகளை மட்டும் காட்டுங்கள், அழ வேண்டாம்.

குளோசப்பில் புருவத்தைக் கவனியுங்கள். காமெடியில் முழுப் புருவமும் மேலே போகும். துக்கத்தில் உள்மூலை மட்டும் ஏறும், அதை வேண்டுமென்று செய்வது பெரும்பாலோருக்கு வராது. செய்ய முயன்றால் முழுப் புருவமும் ஏறி, பழைய முகம் வந்துவிடும். போனில் ஒரு நிமிடம் உங்கள் முகத்தைப் பதிவு செய்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். அடிக்கடி வரும் மூன்று சேஷ்டைகளை மட்டும் குறித்து அவற்றை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நிறுத்தினால் முகம் மரமாகிவிடும்.

தியேட்டரில் சிரித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு உங்கள் நடிப்பு மட்டும் மருந்தாகாது. வடிவேலு அழுத்தமான வேடத்தில் நடித்த 'மாமன்னன்' 2023 ஜூன் 29 அன்று வந்தது. அதற்கு முந்தைய மே மாதமே வடிவேலு குரலில் 'ராசா கண்ணு' பாட்டை வெளியிட்டார்கள். படம் வருவதற்குள் ஜனங்கள் அந்தக் குரலில் ஒரு சோகத்தைக் கேட்டுப் பழகியிருந்தார்கள். நாகேஷ் 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாகவே வந்து சிரிக்கவைத்தார். அதே வருடம் 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக வந்து, சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதை வாங்கினார். மலையாளத்தில் சலீம் குமாரும் சுராஜ் வெஞ்ஞாறமூடும் காமெடியிலிருந்து வந்து சிறந்த நடிகருக்கான தேசிய விருது வரை போனவர்கள். ஆக, ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்பது வெறும் பயம். ஆனால் முதல் பத்து நிமிடத்தில் அவர்களை ஒரு முறை நன்றாகச் சிரிக்கவிடச் சொல்லுங்கள், மகனும் நீங்களும் வீட்டில் அடிக்கும் லூட்டிக்காக. அடக்கிவைத்த சிரிப்புதான் பிணவறை வாசலில் வெடிக்கும். முதல் நாள் முதல் காட்சியில் எங்கோ ஒருவர் எப்படியும் சிரிப்பார், அதற்காகக் காட்சியை வெட்ட அனுமதிக்காதீர்கள்.

காமெடி நிகழ்ச்சிகளை இந்த ஐந்து வாரத்தில் நிறுத்த வேண்டாம், படப்பிடிப்புக்கு நான்கு நாள் முன்பு நிறுத்தினால் போதும். அந்த 28 நாளில் மட்டும் எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தினமும் பேக்-அப் ஆனதும் மகனின் சட்டை, போன் எல்லாவற்றையும் உதவியாளர்களிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவி, உங்கள் உடையில்தான் காரில் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ அப்பாவின் நினைவு வேலை செய்யவிடாமல் அழுத்தினாலோ மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

கடைசியாக டப்பிங். ஸ்பாட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறார்களா என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கேளுங்கள். இல்லையென்றால், அழுகைக் காட்சியை எடுத்த ஒரு வாரத்துக்குள் அதை மட்டும் தனியாக டப் செய்யத் தேதி வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து ஏசி அறையில் நின்று பேசினால் வார்த்தை உதட்டோடு பொருந்தும், மூச்சு பொருந்தாது. காட்சியில் உட்கார்ந்திருந்தால் டப்பிங்கிலும் உட்காருங்கள். முதல் சுற்றில் வசனமே பேசாமல் மூச்சை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதற்கு மேல் வசனத்தைப் போடலாம். கத்தி அழும் இடத்தை அன்றைய கடைசி வேலையாக வையுங்கள், தொண்டை அதற்கப்புறம் எதற்கும் உதவாது. பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும், ஐஸ் போட்ட எதுவும் வேண்டாம்.