காய்ச்சல் மாத்திரையும் கர்ப்பிணிகளும்: கேள்வி பதில்

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், சுகாதார அமைச்சர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியருடன் நின்று, கர்ப்பிணிகள் டைலெனால் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும், அதற்கும் குழந்தைகளின் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தார். டைலெனால் என்பது நம் ஊர் பாரசிட்டமால்தான். மருந்தியல் கற்பித்து ஓய்வுபெற்று கும்பகோணத்தில் வசிக்கும் எனக்கு, அன்றிலிருந்து வந்த கேள்விகளில் சில இவை.

டாக்டரம்மா, எனக்கு ஐந்து மாதம். காய்ச்சலுக்கு இரண்டு நாள் டோலோ 650 போட்டுக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. (பாபநாசம்)

நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. டோலோவும் பாரசிட்டமால்தான்; அதனால் ஆட்டிசம் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. காய்ச்சலைத் தணித்ததும் சரிதான். ஆனால் அது எதனால் வந்தது என்று பார்த்தார்களா? மழைக்காலத்தில் நம் பக்கம் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரும். நடவு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் இன்னும் எளிதாக வரும். இரண்டுமே கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கக்கூடியவை. காய்ச்சல் திரும்பினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றனவே. அவற்றை எப்படி ஒதுக்குவது? (தஞ்சாவூர், கல்லூரி மாணவர்)

ஒதுக்கக் கூடாது தம்பி. 2025 ஆகஸ்டில் வெளிவந்த ஒரு மறுஆய்வு, ஆட்டிசம் உள்ளிட்ட பலவகை வளர்ச்சிச் சிக்கல்களைப் பற்றிய 46 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது; அவற்றில் 27 தொடர்பைக் காட்டின. ஆனால் ஒவ்வோர் ஆய்விலும் முதலில் கேட்க வேண்டியது, யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான்.

மாத்திரை சாப்பிட்ட தாய்க்கு அதைச் சாப்பிட ஒரு காரணம் இருந்திருக்கும். காய்ச்சல், தொற்று, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, இப்படி ஏதோ ஒன்று. சாப்பிடாத தாய்க்கு அது இருந்திருக்காது. பிள்ளைகளிடம் வேறுபாடு தெரிந்தால் அது மாத்திரையால் வந்ததா, நோயால் வந்ததா, குடும்பத்தில் ஓடும் மரபணுவால் வந்ததா? சாதாரண ஒப்பீட்டில் இதைப் பிரிக்க முடியாது.

ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பத்து வயதுக்குள் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள், மாத்திரை சாப்பிடாத தாய்மாரின் பிள்ளைகளில் 1.33 சதவீதம், சாப்பிட்டவர்களின் பிள்ளைகளில் 1.53 சதவீதம். மிகச் சிறியதுதான், ஆனாலும் வேறுபாடு. அடுத்து, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை எடுத்தார்கள். ஒரு பிள்ளையைச் சுமந்தபோது மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், இன்னொன்றைச் சுமந்தபோது சாப்பிடவில்லை. தாயும் ஒன்று, வீடும் ஒன்று, மரபணுவிலும் சுமார் பாதி பொது. இப்படி ஒப்பிட்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சையில் கனமான சான்று இதுதான்.

அதற்கும் குறை உண்டு. மாத்திரை சாப்பிட்டதாகப் பதிவானவர்கள் 7.5 சதவீதம்தான், உண்மையில் சாப்பிட்டவர்கள் இதைவிட அதிகமாகவே இருப்பார்கள் என்கிறார்கள் விமர்சகர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தக் குறை, மாத்திரைதான் காரணம் என்பதற்குச் சான்றாகிவிடாது.

அதிபர் ஒன்று சொல்கிறார், உலக சுகாதார நிறுவனம் மறுக்கிறது. மருந்து நிறுவனங்களின் பணமும் நடுவில் இருக்கிறது. யாரை நம்புவது? (மன்னார்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஆளைப் பார்த்து நம்ப வேண்டாம் ஐயா. டிரம்பைப் பிடிக்காது என்பதற்காக அவர் சொன்னது பொய்யாகிவிடாது, பிடிக்கும் என்பதற்காக மெய்யாகிவிடாது. அதே நாளில் அவருடைய அரசின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு அனுப்பிய கடிதத்தைப் பாருங்கள். மாத்திரைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மேடைப் பேச்சுக்கும் கடிதத்துக்கும் இடையே அவ்வளவு தூரம்.

பணத்தைப் பற்றிக் கேட்டது சரியான கேள்வி. மாத்திரையை விற்கும் நிறுவனத்துக்கு லாபம் இருக்கிறது. நான் சொன்ன 46 ஆய்வுகளின் மறுஆய்வை எழுதியவர்களில் ஒருவரும், மாத்திரையால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வந்தது என்று அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டவர்கள் தரப்பு நிபுணராக இருந்தவர். அவ்வழக்கில் அத்தரப்பு நிபுணர்களின் சாட்சியத்தை நியூயார்க் நீதிமன்றம் 2023-இல் ஏற்க மறுத்தது. ஸ்வீடன் ஆய்வுக்கு நிதி தந்தது அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த மறுஆய்வை எழுதியவர்கள்கூட மாத்திரையே கூடாது என்று சொல்லவில்லை. குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, மருத்துவரைக் கேட்டு எடுங்கள் என்றார்கள். சண்டைக்கு முன்பும் மருத்துவர்கள் சொல்லிவந்தது அதைத்தான்.

என் மகனுக்கு ஆட்டிசம். அவனைச் சுமந்தபோது பாரசிட்டமால் சாப்பிட்டேன். நான்தான் காரணமா? (மயிலாடுதுறை)

இல்லை அம்மா, நீங்கள் காரணம் இல்லை. ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு மிகப் பெரியது. எண்ணிக்கை கூடியிருப்பதற்கும், கண்டறியும் வரையறை 1994-க்குப் பிறகு விரிந்ததும் விழிப்புணர்வு வளர்ந்ததும் முக்கியக் காரணங்கள். தாயின் மீது பழி போடும் பேச்சு எந்த மேடையிலிருந்து வந்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவனுக்குப் பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியும் தொடர்ந்து கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எதற்கு வம்பு? மாத்திரையை விட்டுவிட்டு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தால் என்ன? (திருவையாறு, பாட்டி)

அம்மா, நிலவேம்பு கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை. கருவைப் பாதிக்கக்கூடும் என்று சில விலங்கு ஆய்வுகள் எச்சரிக்கின்றன. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வேண்டாம். காய்ச்சலை அப்படியே விடுவதும் ஆபத்து. முதல் மூன்று மாதங்களில் வரும் கடும் காய்ச்சலுக்கும் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகளுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது.

எதற்கு வம்பு என்று ஒதுக்கிய மருந்தின் கதை ஒன்று உண்டு. மசக்கை வாந்திக்கு அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற மாத்திரை இருந்தது. அதனால் பிறவிக் குறைபாடு வருகிறது என்று வழக்குகள் குவிந்ததால் 1983-இல் நிறுவனமே அதை நிறுத்தியது. பிறகு வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகள் அதிகரித்தார்கள். பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. அதே மருந்துக்கு 2013-இல் வேறு பெயரில் மீண்டும் அனுமதி கொடுத்தார்கள்.

மேல்வலி என்று சொன்னாலே மருந்துக் கடையில் ஏதோ மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். எதைக் கவனிக்கச் சொல்லட்டும்? (வேதாரண்யம், கிராம சுகாதார செவிலியர்)

எனக்கு உண்மையான கவலை இதில்தான். அட்டையில் பாரசிட்டமாலுடன் அசிக்ளோஃபினாக், டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் என்று வேறு பெயர் சேர்ந்திருந்தால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு இந்த வேறு மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. கடைசி மாதங்களில் குழந்தையின் இதய ரத்தக் குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவும் கூடும். தனிப் பாரசிட்டமால் என்றால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளுக்கு நான்கு மாத்திரைக்கு மேல் போகாமல். சளி மாத்திரையிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்து விழுங்க விடாதீர்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

என் மனைவி வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். இதுவும் வெறும் வதந்திதானா? (திருவாரூர்)

இல்லை தம்பி, இது வதந்தி இல்லை. கர்ப்பத்தில் வால்ப்ரோயேட் எடுத்தவர்களின் குழந்தைகளில் 100-க்குப் பத்துப் பேர் அளவுக்குப் பிறவிக் குறைபாடும், 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சிச் சிக்கலும் வருகின்றன. வேறு வலிப்பு மருந்து எடுத்த தாய்மாரோடு ஒப்பிட்டபோதும் வேறுபாடு மறையவில்லை. மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. ஆனால் நீங்களாக நிறுத்தினால் வலிப்பு வந்து அவர் உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை வழக்கம்போலக் கொடுத்துக்கொண்டே இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாற்று மருந்தும் ஃபோலிக் அமிலமும் பற்றி, கருத்தரிப்பதற்கு முன்பே அந்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.