குளிரில் முரண்டு பிடிக்கும் ஏ.டி.வி.

கேள்வி: என்னுடையது பழைய கார்புரேட்டர் ஏ.டி.வி. (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி). கடுங்குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவதே கஷ்டம். ஸ்டார்ட் ஆனாலும் உடனே அணைந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் சூடேற்ற வேண்டும்?

பதில்: முதலில் கட்டைவிரலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுங்கள். நானும் வெகுநாள் சோக்கை இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரையும் அமுக்கிக்கொண்டிருந்தவன்தான். பல ஏ.டி.வி.களில் சோக் என்பது கூடுதல் பெட்ரோல் விடும் தனி வழி. ஆக்சிலேட்டரை அமுக்காமல் த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) மூடியிருந்தால்தான் இன்ஜின் அந்த வழியாகப் பெட்ரோலை நன்றாக உறிஞ்சும். சோக்கை முழுதாக இழுத்து, ஸ்டார்ட்டரை 5 விநாடி மட்டும் அழுத்துங்கள். பிடிக்கவில்லையா, அரை நிமிடம் விடுங்கள். குளிரில் பேட்டரி ஏற்கெனவே பலம் குறைந்துதான் இருக்கும்.

இன்ஜின் பிடித்ததும் ஆக்சிலேட்டரை அமுக்காதீர்கள். சத்தம் மெல்ல ஏறும். அப்போது சோக்கைப் பாதி தள்ளுங்கள். சோக்கை முழுதாக உள்ளே தள்ளிய பிறகும் ஒரே சீராக ஓடினால் கிளம்பலாம். பெரும்பாலும் சில நிமிடம் போதும். அப்புறம் முதல் 10 நிமிடம் மெதுவாகவே ஓட்டுங்கள். பெல்ட், கியர் ஆயில் எல்லாம் ஓடினால்தான் சூடாகும்.

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பாருங்கள். ஆயில் தேன் மாதிரி சோம்பலாக வடிந்தால், குளிரிலும் இளக்கமாக இருக்கும், கையேடு அனுமதிக்கும் 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ ஆயிலுக்கு மாறுங்கள். என் வண்டியில் பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: மூடிய கொட்டகைக்குள் சூடேற்றாதீர்கள். புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.