கமா எங்கே, மைனஸ் எங்கே? ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினித் திரைகள் பற்றிய கேள்வி பதில்

மண்டபம்: ஐயா, இறால் எடை அடிக்கும் ஃபீல்டுக்கு எடிட் கோடு (கமா, மைனஸ், பூஜ்யம் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் குறி) கொடுத்தேன், கம்பைல் ஆகவில்லை.

திரையின் அமைப்பை எழுதும் டிடிஎஸ் வரியின் 35ஆம் இடத்தில் எஸ் போட்டிருக்கிறீர்கள். அங்கே ஒய் வேண்டும்.

தேவிப்பட்டினம்: கணக்குத் திரைக்கு எடிட் கோடு 1 போதாதா?

போதாது. 1, 2, 3, 4 நான்குமே மைனஸைக் காட்டாது. ஒரு மீன் கம்பெனியில் படகுக்காரரின் கணக்கு -42,000, முன்பணம் வாங்கியிருந்தார். திரையில் 42,000 என்று மட்டும் தெரிந்தது. அவருக்குத் தர வேண்டிய பாக்கி என்று கிளார்க் சீட்டே எழுதிவிட்டார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான். உள்ளிடும் ஃபீல்டில் ஆபத்து இன்னும் பெரிது: ஓர் இலக்கத்தைத் திருத்தினால் திரையில் உள்ளதுதான் திரும்பிப் போகும், மைனஸ் ஃபைலிலிருந்தே அழிந்துவிடும். பணம் என்றால் ஜே கோடு போடுங்கள். கமாவும் வரும், வலப்பக்கம் மைனஸும் வரும்.

கீழக்கரை: காக்கா, 1,23,45,678 என்று லட்சக் கமா வராதா?

எந்தத் தயார் கோடிலும் வராது. 12,345,678 என்றுதான் காட்டும். கோடுக்குப் பதில் எடிட் வேர்டு, அதாவது எண்ணின் வடிவத்தை இடத்துக்கு இடம் நீங்களே எழுதுங்கள்: ஒரு வெற்றிடம், கமா, இரண்டு, கமா, இரண்டு, கமா, மூன்று, புள்ளி, இரண்டு, கடைசியில் மைனஸ். பல திரைகளுக்கு வேண்டுமென்றால் 5 முதல் 9 வரையிலான கோடுகளில் ஒன்றை நீங்களே வரையறுக்கலாம். பின்னர் அதை மாற்றினால் எல்லாத் திரைகளையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

தொண்டி: லட்சக் கமா எதற்கு? ஏற்றுமதி பில் டாலரில்தானே?

டாலர் பில்லுக்கு ஜே இருக்கட்டும். நண்டு கொண்டுவந்தவருக்கு ரூபாய் எண்ணிக் கொடுப்பவர் லட்சம், கோடி என்றே படிக்கிறார். அவர் கண்ணுக்கு ஏற்ற இடத்தில் கமா இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கீழக்கரை: ஒரே திரையில் இரண்டும் இருந்தால் குழப்பம் வராதா, காக்கா?

வரும். அதனால்தான் ரூபாய்க்குத் தனித் திரை வையுங்கள் என்கிறேன்.

ஏர்வாடி: தேதிக்கு?

ஒய் என்ற எடிட் கோடு (35ஆம் இடத்து ஒய் வேறு). 050624 என்பது 5/06/24 என்று தெரியும். முதல் பூஜ்யம் மறையும். ஆண்டு முன்னால் வரும் எட்டு இலக்கத் தேதிக்கு டபிள்யூ.

பாம்பன்: பாக்கித் தொகைக்கு 2 போடலாமா?

மேலே படியுங்கள். 2 மைனஸைக் காட்டாது. மைனஸும் தெரிந்து, பூஜ்யத்தை வெற்றிடமாக்கவும் வேண்டுமென்றால் கே.

மண்டபம்: 35ஆம் இடத்தில் ஒய் போட்டேன், கம்பைல் ஆகிவிட்டது. எடைக்கு 4 போட்டிருக்கிறேன்.

4 பூஜ்யத்தை மறைக்கும். பூஜ்ய எடை வரி வெற்று வரி போலத் தெரியும். பூஜ்யத்தைக் காட்டும் 3 போடுங்கள். திரும்பி வந்த சரக்கையும் அதே ஃபீல்டில் மைனஸாக அடிக்கிறீர்களென்றால், மைனஸையும் காட்டும் எல்.