கடற்சேற்றில் மருந்து உண்டா?

கேள்வி: மண்டபம் கரையில் கல்லூரி மாணவர்கள் சேற்றைக் குப்பிகளில் அள்ளிச் செல்கிறார்களே, அதில் மருந்து கிடைக்குமா? புண்ணில் அப்படியே பூசலாமா?
(வாசகி, பாம்பன்)

பதில்: கிடைக்கலாம், அம்மா. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது. 1945-இல் இத்தாலியின் சார்டீனியா தீவில், கழிவுநீர் கடலில் கலக்கும் இடத்தில் கிடைத்த பூஞ்சையே செஃபலோஸ்போரின் என்னும் கிருமிக்கொல்லி மருந்துகளுக்கு மூலமாயிற்று. சேற்றைக் கடல்நீர் கலந்த அகர் (நுண்ணுயிரி வளர்க்க உதவும் கூழ்) தட்டில் பரப்பி வாரக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்தால், சுண்ணாம்புப் பொடி தூவியதுபோல் வறண்ட நுண்ணுயிரித் திட்டுகள் எழும். அவற்றில் ஒன்றை நோய்க்கிருமி பரப்பிய தட்டில் வைக்கும்போது, அதைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் தோன்றினால், உண்மையான தேடல் அங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலும் முன்பே அறிந்த பொருளே மீண்டும் கிடைப்பது வருத்தம்தான். சேற்றைப் புண்ணில் பூசவே வேண்டாம். நன்மை செய்யும் நுண்ணுயிரியோடு சீழ் பிடிக்கவைக்கும் கிருமியும் அதில் இருக்கலாம்.